நாலு வருடமாக மூலிகை காயவைக்கிறேன்: எது தேறியது, எது கறுத்தது

முதல் வருடம் புதினாவை நல்ல வெயிலில் போட்டேன். ஒரே நாளில் மொறுமொறுவென்று காய்ந்தது. ஆனால் பச்சையும் போய் வாசனையும் போய் வைக்கோலாகிவிட்டது. வாசனை இலையின் எண்ணெயில்தான் இருக்கிறது. சூடு பட்டால் பறந்துவிடும். அதிலிருந்து நிழலும் காற்றோட்டமும்தான். பறிப்பதும் காலையில், பனி ஈரம் உலர்ந்ததும், செடி பூ விடுவதற்கு முன்பே.

ரோஸ்மேரி தொந்தரவில்லாதது, இலையில் ஈரம் குறைவு. ஐந்தாறு கிளைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் இரண்டு வாரம் போதும். நூலால் கட்டாதீர்கள், ரப்பர் பேண்ட் போடுங்கள். காம்பு காயக் காயச் சுருங்கும், நூல் தளரும், ஒருநாள் காலையில் கொத்து தரையில் கிடக்கும். எனக்கு இரண்டு முறை கிடந்தது.

புதினா, துளசியைக் கொத்தாகக் கட்டினால் நடுவில் பூசணம் பிடிக்கும். இலைகளை உருவி, ஒன்றின் மேல் ஒன்று படாமல் மெல்லிய துணியில் பரப்புகிறேன். அப்படியும் துளசி கொஞ்சம் கறுக்கத்தான் செய்யும். கற்பூரவள்ளியைக் கைவிட்டுவிட்டேன். தடித்த இலை, உள்ளே முழுக்கத் தண்ணீர். அதைச் செடியிலிருந்தே பறித்துக்கொள்ளலாம்.

பெரிய நஷ்டம் நடந்தது பாட்டிலில்தான். இலை நொறுங்குகிறதே என்று அடைத்து வைத்தேன்; காம்பு இன்னும் வளைந்துகொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் கண்ணாடியின் உட்புறம் வியர்த்திருந்தது. அடுத்த வாரம் திறந்தால் ஈரச்சாக்கு நாற்றம். மொத்தமும் குப்பைக்கு. இப்போது காம்பு 'படக்'கென்று ஒடிந்தால்தான் மூடி போடுவேன். அப்புறம் ஒரு வாரம் தினமும் பாட்டிலை எட்டிப் பார்ப்பேன்.

உபயோகம் என்று பார்த்தால், லாவெண்டர் பை துணி அலமாரியில் மாதக்கணக்கில் மணக்கிறது. மங்கினால் கையால் ஒருமுறை பிசைந்துவிட்டால் போதும். அந்துப்பூச்சிக்கு அதை மட்டும் நம்பமாட்டேன். கம்பளியைத் துவைத்து, காற்றுப் புகாமல் மூடித்தான் வைக்கிறேன். புதினாப் பொட்டலத்தை ஷூவுக்குள் போட்டால் நாற்றத்தை மறைக்கும், போக்காது. தேநீருக்குப் பச்சை இலை மூன்று ஸ்பூன் என்றால் காய்ந்தது ஒரு ஸ்பூன். இலையை முழுசாகவே வைத்திருந்து, போடும்போதுதான் கசக்க வேண்டும்.

பாட்டிலில் பெயரோடு தேதியும் ஒட்டுகிறேன். ஒரு வருடம் தாண்டியதைக் கசக்கி முகர்ந்து பார்ப்பேன். வாசனை வரவில்லையா, நேரே உரக்குழிதான்.