வேலூர் சிஎஸ் டீம்களுக்கு: கட்டணம் கட்டும் முன் டெமோ கிடைக்குமா என்று கேளுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 (சிஎஸ், ஐந்து பேர் டீமாக ஆடும் கம்ப்யூட்டர் துப்பாக்கிச் சண்டை கேம்) ஆடுகிற எல்லோருக்கும் இந்தப் பதிவு. வேலூரில் ஒரு கேமிங் சென்டர் நடத்திய போட்டியில் எங்கள் டீம் அரையிறுதியில் வெளியேறியது. எதிர் டீமில் ஒருவன் ஹேக் போட்டு, சுவருக்குப் பின்னால் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே ஆடினான். டெமோவை, அதாவது மேட்ச் பதிவான ஃபைலை, காட்டிப் புகார் செய்தோம், நடத்தியவர்கள் கண்டுகொள்ளவில்லை. போட்டி சர்வரில் ஏமாற்றுத் தடுப்பையே அணைத்து வைத்திருந்தார்கள் என்பது அதற்கப்புறம்தான் தெரிய வந்தது. சென்டரின் பெயரை இங்கே போடவில்லை. நுகர்வோர் புகார் நடந்துகொண்டிருக்கிறது.

போஸ்டரில் என்ன சொன்னார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டீமுக்கு நுழைவுக் கட்டணம் 2,500 ரூபாய். முதல் பரிசு 40,000, இரண்டாம் பரிசு 15,000. அரையிறுதி வரை அவரவர் வீட்டிலிருந்து ஆன்லைனில், இறுதிப் போட்டி மட்டும் சென்டரில். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘முழுமையான ஆன்டி-சீட் பாதுகாப்பு’. இந்த ஒரு வரியை நம்பித்தான் பல டீம்கள் பணம் கட்டின. எங்கள் டீமில் இரண்டு பேர் கல்லூரிப் பையன்கள். ஒருவன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறான், நைட் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு பயிற்சிக்கு வந்தவன். ஆளுக்கு 500 ரூபாய் என்பது எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை.

அரையிறுதி மிராஜ் என்ற மேப்பில், முதலில் 13 ரவுண்டு எடுக்கும் டீமுக்கு வெற்றி. முதல் பாதியில் நாங்கள் 8-4 என்று முன்னால் இருந்தோம். இரண்டாம் பாதியில் ஒரே ஒரு ரவுண்டுதான் எடுக்க முடிந்தது, 13-9 என்று தோற்றோம். இப்படித் திரும்புவது சிஎஸ்ஸில் அதிசயம் இல்லை. எதிரே நன்றாக ஆடினால் நடக்கும். ஆனால் அவர்களில் ஒருவனிடம் மட்டும் எங்கள் எந்தத் திட்டமும் எடுபடவில்லை. சத்தமே இல்லாமல் போனாலும் அங்கே நின்றான். பொய்யாக ஒரு பக்கம் சத்தம் கொடுத்தாலும் ஏமாறவில்லை.

மேட்ச் முடிந்த சூட்டில் யாரையும் ஹேக்கர் என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் டீமில் பழைய விதி. நல்ல ஆட்டக்காரர்களை நம் ஊரில் இப்படிக் கத்திக் கத்தியே ஓட விட்டிருக்கிறோம். புகைக்குள் ஒரு குண்டு பட்டுவிட்டால் ஹேக், தலையில் நாலு முறை அடித்துவிட்டால் ஹேக் என்று சொல்வது அநியாயம். அதனால் டெமோவைக் கேட்டோம்.

டெமோ என்பது சாதாரண வீடியோ இல்லை. மேட்சில் நடந்த எல்லா அசைவுகளும் பதிவான ஃபைல். கேமுக்குள்ளேயே அதைத் திறந்து, எந்த ஆட்டக்காரரின் கண் வழியாகவும் பார்க்கலாம். மெதுவாக ஓட்டலாம். சுவருக்குப் பின்னால் இருப்பவர்களின் உருவம் தெரிகிற மாதிரி வைத்தும் பார்க்கலாம். ஹேக் போடுகிறவன் மேட்சில் எதைப் பார்த்தானோ, அதையே நாமும் பார்க்கலாம் என்பதுதான் இதன் பலம்.

சென்டர்காரர் முதலில் தர மறுத்தார். “தம்பி, தோத்துட்டா எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க” என்றார். விடாமல் கேட்ட பிறகு, அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பையன் அனுப்பி வைத்தான்.

அதில் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். இரண்டாம் பாதியில் ஒரு ரவுண்டு. எங்கள் பையன் ஒருவன் மேப்பில் பேலஸ் என்று சொல்லும் பாதை வழியாக ஷிப்ட் அழுத்தி நடக்கிறான். ஷிப்ட்டில் நடந்தால் காலடிச் சத்தம் எதிரிக்குக் கேட்காது. எங்கள் டீமில் மற்ற யாரும் அந்தப் பக்கம் இல்லை. எதிர் டீமில் யாரும் அவனைப் பார்க்கவும் இல்லை. நாங்கள் சந்தேகப்பட்ட ஆள், பாம் வைக்கும் இரண்டு இடங்களில் ஒன்றான ஏ சைட்டில் டிக்கெட் பூத் ஓரமாக நிற்கிறான். பேலஸைக் காவல் காக்கிற யாரும் கிராஸ்ஹேரை, அதாவது திரையில் இருக்கும் குறிப் புள்ளியை, அதன் வாசலில்தான் வைப்பார்கள். இவன் வாசலுக்கு உள்ளே, வெறும் சுவர் மேல் வைத்திருந்தான். எங்கள் பையன் நடக்க நடக்க, அதே வேகத்தில் கிராஸ்ஹேரும் சுவர் மேல் நகர்கிறது. பையன் நின்றான், அதுவும் நின்றது. பையன் ஏதோ யோசித்து இரண்டடி பின்னால் போனான், அதுவும் பின்னால் போனது. பையன் வாசலுக்கு ஓரடி இருக்கும்போது இவன் திடீரென்று ரேம்ப் என்ற இன்னொரு வழியின் பக்கம் திரும்பிக்கொண்டான். தற்செயலாகப் பார்த்தது போல இருக்க வேண்டும் அல்லவா? பையன் வெளியே கால் வைத்த கணத்தில் திரும்பி வந்து தலையில் அடித்தான்.

எனக்கு ஆத்திரம் வந்தது அந்தத் திரும்பலைப் பார்த்துத்தான். குறி பார்த்துச் சுடுவதை எய்ம்பாட் என்ற தானாகக் குறி வைக்கும் ஹேக்குக்கு விட்டிருந்தால் மனிதக் கைக்கு ஒவ்வாத அசைவாகத் தெரிந்திருக்கும். இவன் சுடுவதைத் தன் கையாலேயே செய்தான். சுவருக்குப் பின்னால் காட்டும் வால் ஹேக்கை மட்டும் வைத்துக்கொண்டு, பிடிபடாமல் இருக்க நடிப்பும் போட்டான். புள்ளிவிவரத்தில் இவன் சாதாரண ஆளாகத்தான் தெரிவான்.

இன்னொரு ரவுண்டில் நாங்கள் நான்கு பேர் ஏ பக்கம் ஓடிச் சத்தம் காட்டினோம். ஒருவன் மட்டும் பாமை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இன்னொரு பாம் இடமான பி-க்குப் போகும் அபார்ட்மெண்ட் வழியாகப் போனான். எதிர் டீம் மொத்தமும் ஏ பக்கம் ஓடியது. இவன் மட்டும் பி-யில் இருக்கும் வேன் பக்கத்திலேயே உட்கார்ந்து அபார்ட்மெண்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாராவது டெமோ பார்த்துச் சந்தேகப்பட்டால் ஒரே கேள்வியை வைத்துப் பாருங்கள்: அந்தத் தகவல் அவனுக்கு எப்படிக் கிடைத்தது? காலடி கேட்டதா, கூட ஆடுகிறவன் பார்த்துச் சொன்னானா, ரேடாரில் தெரிந்ததா, எல்லோரும் வழக்கமாக ஒளிகிற இடமா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். ஒரு ரவுண்டில் விடை கிடைக்காவிட்டால் அது அதிர்ஷ்டமாக இருக்கலாம். ரவுண்டுக்கு ரவுண்டு விடை கிடைக்கவில்லை என்றால் அதற்குப் பெயர் அதிர்ஷ்டம் இல்லை. நாங்கள் இப்படிக் கழித்துப் பார்த்து மிஞ்சிய இடங்களை நேரத்தோடு குறித்து அனுப்பினோம்.

வந்த பதில் இதுதான்: “வேக் பேன் ஆகலையே தம்பி. ஆகியிருந்தா நானே தூக்கியிருப்பேன்.”

வேக் என்பது வால்வ் நிறுவனம் 2002-இலிருந்து நடத்தி வரும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள். தெரிந்த ஹேக்குகளின் தடயத்தைக் கம்ப்யூட்டரில் தேடும். கண்டுபிடித்தாலும் உடனே தடை விழ வேண்டும் என்பது இல்லை. எதை வைத்துப் பிடித்தார்கள் என்று ஹேக் செய்து விற்கிறவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில காலம் விட்டு மொத்தமாகத் தடை போடுவதும் உண்டு. ஆகவே தடை விழவில்லை என்பது யாருக்கும் நற்சான்றிதழ் ஆகாது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வேக் பாதுகாப்பு ஓடுகிற சர்வரில் ஆடினால்தான் வேக் தடை விழும். மேட்ச் தொடங்கும் முன் பிங் (சர்வரோடு இணைப்பு எவ்வளவு வேகம்) பார்ப்பதற்காக எங்கள் பையன் கேமின் கன்சோலில் ஸ்டேட்டஸ் என்று அடித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தான். அதை மறுபடி எடுத்துப் பார்த்தால் சர்வர் ‘இன்செக்யூர்’ என்று இருக்கிறது, அதாவது வேக் ஓடவில்லை. சென்டர்காரரிடம் கேட்டோம். “சில பேருக்கு வேக் எர்ரர் வந்து உள்ளயே வர முடியலை, அதான் ஆஃப் பண்ணிட்டோம்” என்றார். தயக்கமே இல்லாமல் சொன்னார்.

அந்த எர்ரர் உண்மையிலேயே வரும். அவரவர் கம்ப்யூட்டரில் கேமை ஓட்டும் ஸ்டீம் மென்பொருளைச் சரி செய்துகொண்டால் பெரும்பாலும் போய்விடும். அதற்காகப் பாதுகாப்பையே அணைத்துவிட்டு, பிறகு வேக் தடை விழவில்லை என்று காட்டுவது, தேர்வு அறையிலிருந்து கண்காணிப்பாளரை வெளியே அனுப்பிவிட்டு யாரும் பிட் அடித்துப் பிடிபடவில்லை என்று சொல்வது போன்றது. அணைத்ததை ஒரு டீமுக்கும் சொல்லவில்லை. போஸ்டரில் அந்த வரி கடைசி வரை அப்படியே இருந்தது.

இறுதிப் போட்டிக்கு நாங்களும் போய் நின்று பார்த்தோம். சென்டரின் கம்ப்யூட்டரில், எல்லோர் முன்னாலும், அதே ஆள் ஆடினான். பெட்டிக்குப் பின்னால் எதிரி உட்கார்ந்திருக்க, திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போய் முதுகில் குண்டு வாங்கினான். குடியாத்தம் பையன்கள் சுலபமாக ஜெயித்தார்கள். அவர்களுக்கு என் வாழ்த்து, நேர்மையாக ஆடிய டீம். ஆனால் இரண்டாம் பரிசு 15,000 ரூபாய் அந்த டீமுக்கே போனது. நாங்கள் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டோம். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எங்களை நீக்கினார்கள்.

ஹேக்கை நூறு சதவீதம் தடுக்க முடியாது என்று சென்டர் தரப்பில் சிலர் சமாதானம் சொல்கிறார்கள். உண்மைதான், எனக்கும் தெரியும். எதிரி எங்கே இருக்கிறான் என்ற தகவல் நம் கம்ப்யூட்டருக்கு வந்தால்தான் கேம் அவனைத் திரையில் வரைய முடியும். வந்த தகவலை இன்னொரு புரோகிராம் திருடிப் படிக்கிறது, அதுதான் வால் ஹேக். வாலரண்ட் என்ற இன்னொரு துப்பாக்கிச் சண்டை கேமில் ரயட் நிறுவனம் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறது. எதிரி கண்ணில் படப் போகிற நேரம் வரை அவன் இருக்கும் இடத்தை சர்வர் அனுப்பாமல் பிடித்து வைக்கும். அதோடு வான்கார்ட் என்ற மென்பொருள் விண்டோஸ் எழும்போதே எழுந்து, கெர்னல் மட்டத்தில், அதாவது விண்டோஸின் அடித்தளத்தில், காவல் இருக்கும். அதையும் தாண்டுவதற்குத் தனி ஹார்டுவேர் கார்டு செருகி, வேறொரு கம்ப்யூட்டரில் மெமரியைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வால்வ்கூட ஹேக்கர்களைக் கண்டுபிடிக்க வேக்நெட் என்று இயந்திரக் கற்றலை இதற்கு முந்தைய கேமான சிஎஸ்: கோ காலத்தில் கொண்டு வந்தபோது, அது சந்தேகப்பட்ட மேட்சுகளை மனிதர்களுக்கு அனுப்பி, அவர்கள் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. மென்பொருள் எவ்வளவு வளர்ந்தாலும் கடைசியில் ஓர் ஆள் உட்கார்ந்து டெமோ பார்த்தே ஆக வேண்டும். நாங்கள் கேட்டதும் அவ்வளவுதான். குறித்துக் கொடுத்த இடங்களை மட்டும் பார்ப்பதற்கு அரை மணி நேரம் ஆகியிருக்காது.

நேரில் நடக்கும் போட்டி என்றால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். 2018 அக்டோபரில் ஷாங்காயில், பெரிய ஆசியப் போட்டியின் மேடையில், ஆப்டிக் இந்தியா டீமின் ஆட்டக்காரர் ஒருவர் வேர்ட்.எக்ஸி என்ற பெயரில் ஹேக்கை ஒளித்து வைத்துப் பிடிபட்டார். எப்படிப் பிடிபட்டார் என்பதைக் கவனியுங்கள். மேட்ச் நடக்கும்போதே நடுவர் எழுந்து வந்து அவருடைய கம்ப்யூட்டரைச் சோதித்தார். டீம் தகுதி நீக்கம், பிறகு டீமே கலைக்கப்பட்டது, அந்த ஆட்டக்காரருக்கு ஐந்து வருடத் தடை. ஒரு பாவமும் அறியாத மற்ற நால்வரும் அதோடு நடுத்தெருவில் நின்றார்கள். நடுவர் வேலை என்றால் இதுதான்.

அதனால் அடுத்த போட்டிக்குப் பணம் அனுப்பும் முன் நடத்துகிறவர்களிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். சர்வரில் வேக் ஓடுமா, எல்லா மேட்சுக்கும் டெமோ பதிவாகுமா, கேட்டால் இரண்டு டீமுக்கும் தருவார்களா, புகாரை யார் பார்ப்பார், பரிசுப் பணம் கொடுப்பதற்கு முன் பார்ப்பாரா? பார்க்கிறவர் போட்டியில் ஆடும் எந்த டீமுக்கும் நண்பராக இருக்கக் கூடாது. மேட்ச் தொடங்கியதும் நீங்களே ஸ்டேட்டஸ் அடித்துப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இன்செக்யூர் என்று வந்தால் அங்கேயே ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள். முடிந்த பிறகு சொன்னால் தோற்றவன் புலம்பல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நேரில் ஆடுகிற இடத்தில் சொந்த பென்டிரைவ், ஹார்டு டிஸ்க் செருக விடுகிறார்களா என்றும் பாருங்கள்.

பள்ளிப் பையன்கள் யாராவது படித்தால் உங்களுக்கும் ஒன்று. டெலிகிராமில் இலவசம் என்று வருகிற ஹேக் ஃபைலைத் திறப்பதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வான். அணைத்தால், அந்தக் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைத் திருடுவான். திருட்டு ஸ்டீமோடு நிற்காது, அப்பாவின் ஜிமெயில் வரைக்கும் போகும்.

எங்கள் விஷயத்தில், சொன்ன சேவையைத் தரவில்லை என்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். போஸ்டர், பணம் அனுப்பிய ரசீது, இன்செக்யூர் ஸ்கிரீன்ஷாட், டெமோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அங்கே தீரவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். அதே போட்டியில் ஆடிய மற்ற டீம்களும் தனித்தனியாகப் புகார் கொடுங்கள், உங்கள் 2,500 ரூபாயும் அதே சர்வருக்குத்தான் போயிருக்கிறது. அந்தச் சென்டர் அடுத்த போட்டிக்கு இப்போதே போஸ்டர் விட்டிருக்கிறது. கட்டணம் 3,000 ஆகியிருக்கிறது, ஆன்டி-சீட் வரி அப்படியே இருக்கிறது. டெமோ தருவீர்களா என்று அதன் கீழே நான் கேட்ட கேள்வியை அழித்துவிட்டார்கள்.