நிராமயாவா, முதலமைச்சர் காப்பீடா, தனியார் பாலிசியா?

எங்கள் மகளுக்கு ஏழு வயது. மூளை முடக்குவாதம். மூன்று காப்பீட்டையும் விசாரித்து அலைந்து, நான்கு வருடம் முன்பு அவளை நிராமயா என்ற மத்திய அரசுக் காப்பீட்டில் சேர்த்தோம். இன்று யாராவது கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வேன்.

காப்பீடு என்றதும் ஆஸ்பத்திரியில் படுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் பணம் கரைவது அங்கே இல்லை. வாரம் மூன்று நாள் பிசியோதெரபி, ஒரு நாள் பேச்சுப் பயிற்சி, தினம் இரண்டு வேளை வலிப்பு மாத்திரை. இந்தச் செலவில் கொஞ்சமாவது திரும்பி வருமா என்பதுதான் என் கேள்வியாக இருந்தது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டை எங்களால் எடுக்க முடியவில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அண்ணன் வீட்டில் இருக்கிறது. அவர்கள் பையனுக்குக் காது கேட்காது. காது கேட்க உதவும் கருவியை உள்ளே பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை இதில்தான் நடந்தது. அண்ணி கையிலிருந்து ஒரு ரூபாய் கட்டவில்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. பெரிய ஆபரேஷன் என்றால் இதற்கு ஈடில்லை, வருமானச் சான்று கிடைக்கும் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் வாராவாரம் போகும் தெரபிக்காக உண்டான திட்டம் அல்ல.

நிராமயா, மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்துவது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஒன்றுக்கு மேற்பட்ட ஊனம் சேர்ந்திருப்பது, இந்த நான்குக்கு மட்டும்தான். அதனால் அண்ணன் பையனைச் சேர்க்க வழியில்லை. ஆண்டுக்கு மொத்தம் 1 லட்சம். வயது வரம்பு கிடையாது, சேரும் முன் மருத்துவப் பரிசோதனையும் கிடையாது. சேரும் கட்டணம், வறுமைக் கோட்டுக்குக் கீழே என்றால் 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. வெளிநோயாளியாகப் பார்த்த செலவு, மருந்து, தெரபி எல்லாவற்றுக்கும் தனித்தனி உச்சவரம்போடு பணம் உண்டு. எந்த மருத்துவமனை என்ற கட்டாயமும் இல்லை.

சரி, இதில் சிக்கலே இல்லையா? இருக்கிறது. பணத்தை முதலில் நாம் கட்டிவிட்டு, பில்லை அனுப்பித் திரும்ப வாங்க வேண்டும். ஆக, பில்லை எப்படி வாங்கி வைக்கிறோம் என்பதில்தான் இந்தத் திட்டத்தின் பலனே இருக்கிறது.

எங்கள் முதல் க்ளெய்ம் அப்படியே திரும்பி வந்தது. தெரபி மையத்தில் மாதக் கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் 'பிசியோ கட்டணம்' என்று மொத்தத் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். குழந்தையின் பெயர் இல்லை, எந்தெந்தத் தேதி வந்தாள் என்பது இல்லை, முத்திரை இல்லை. டாக்டர் தெரபி எழுதிக் கொடுத்த சீட்டையும் நான் இணைக்கவில்லை. மூன்று மாதப் பணம் போனது போனதுதான். அன்று ராத்திரி அந்தச் சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு அழுதேன்.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு முறையும் தேதி, என்ன பயிற்சி, எவ்வளவு நேரம், தொகை, தெரபிஸ்ட் கையெழுத்து. "அக்கா, இதெல்லாம் வேணுமா?" என்று முதலில் தயங்கிய அந்தப் பெண், இப்போது பாப்பாவைப் பயிற்சி விரிப்பில் இருந்து தூக்கி உட்கார வைத்ததும் தானே பேனாவைத் தேடுகிறாள். மாதம் முடிந்ததும் அதைப் பார்த்து முறையான பில் போட்டுத் தருகிறார்கள், குழந்தையின் பெயரும் முத்திரையுமாக. அனுப்பும் முன் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொள்கிறோம். நோட்டு வந்த பிறகு ஒரு க்ளெய்மும் திரும்பவில்லை.

இன்னொன்று, மார்ச் 31. எந்த மாதம் சேர்ந்தாலும் காப்பீடு அன்றோடு முடிகிறது. ஜனவரியில் சேர்ந்தால் மூன்று மாதம்தான் மிச்சம், ஏப்ரலிலேயே சேருங்கள். புதுப்பிக்க 250 ரூபாய்தான், வறுமைக் கோட்டுக்குக் கீழே என்றால் 50. தேதியை மறந்தால்தான் கஷ்டம். நேஷனல் டிரஸ்டில் பதிவு செய்த தொண்டு நிறுவனம் ஒன்று பக்கத்தில் இருந்தால் விண்ணப்பம், புதுப்பிப்பு இரண்டையும் அவர்களே செய்து தருவார்கள். ஊனச் சான்றிதழ் தயாராக இருக்கட்டும்.

தனியார் பாலிசிக்கு முதலில் போனபோது, "பாப்பாவை விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்கங்க சார்" என்றார் ஏஜென்ட். என் கணவர் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிட்டார். மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு பாலிசியாவது வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ ஆணையம் 2023-இல் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதன் பிறகு வேறொரு நிறுவனத்தில் அவள் பெயரில் ஒன்று எடுத்தோம். பிரீமியம் அதிகம், தெரபிக்குப் பணம் கிடையாது. ஒரு க்ளெய்மும் இதுவரை போடவில்லை, அதனால் நல்லதா கெட்டதா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

பிறகு எதற்கு எடுத்தோம் என்றால், இடுப்புக்காக. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு வளரும்போது இடுப்பு மூட்டு விலகலாம் என்பதால் வருடா வருடம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஆபரேஷன் என்று வந்தால் நிராமயாவின் 1 லட்சம் போதாது. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பாலிசியில் பணம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலம் 36 மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2024-இல் வந்த விதி. எங்களுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அடுத்த எக்ஸ்ரே ஜூனில்.