லைப்ரரியை உடன் கட்டுவதா, பொதுவில் உள்ளதை நம்புவதா?

ஒரு மென்பொருளை எழுதுகிறவர் அதற்குத் தேவையான லைப்ரரிகளின், அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுப்புகளின், பிரதிகளைத் தம் மூலநிரலுக்குள்ளேயே வைத்துக் கட்டி அனுப்பலாம். அல்லது பயனரின் லினக்ஸ் வழங்கலில் (டிஸ்ட்ரிபியூஷன்) ஏற்கெனவே நிறுவப்பட்டிருப்பவற்றைப் பயன்படுத்தும்படி அமைக்கலாம். முதல் வழி எழுதுகிறவருக்கு வசதியானது. டெபியன், ஃபெடோரா போன்ற வழங்கல்களின் பொதிப் பராமரிப்பாளர்கள் (மென்பொருளை நிறுவத்தக்க பொதியாக்கித் தருபவர்கள்) இரண்டாவதையே கேட்கிறார்கள்.

அவர்கள் கேட்பதன் நியாயம் 2023 செப்டம்பரில் தெளிவாகவே புலப்பட்டது. வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பி லைப்ரரியில் சிவிஇ-2023-4863 என்று எண்ணிடப்பட்ட பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, பொதுப் பிரதியை நம்பியிருந்த நிரல்களை எல்லாம் வழங்கல் அனுப்பிய ஒரே ஒரு பொதிப் புதுப்பிப்பு காப்பாற்றியது. வலைநுட்பத்தில் மேசைக்கணினிச் செயலிகள் எழுத உதவும் எலக்ட்ரானில் கட்டிய செயலிகள் தத்தம் பிரதியைச் சுமந்து வந்ததால், ஒவ்வொன்றும் தனித்தனியே புதிய பதிப்பை வெளியிட வேண்டியிருந்தது.

ஆனால், உடன் கட்டுவதை வெறும் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. பைத்தான் மொழிக்கான லைப்ரரிகளை நிறுவும் கருவி பிப்; அது, வலைக் கோரிக்கைகளை அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் முதலான லைப்ரரிகளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. உபுண்டு 14.04 பொதியில் அந்தப் பிரதி நீக்கப்பட்டு, பொதுவான ரிக்வெஸ்ட்ஸே பயன்படுத்தப்பட்டது. பயனர் அதே பிப்பைக் கொண்டு ரிக்வெஸ்ட்ஸைப் புதுப்பித்தவுடன், 'இன்கம்ப்ளீட்ரீட்' என்ற பெயரை இறக்குமதி (இம்போர்ட்) செய்ய முடியவில்லை என்ற பிழையோடு பிப் எழும்பவே மறுத்தது. அதைச் சரிசெய்ய உதவ வேண்டிய கருவியே செயலிழந்து கிடந்தது. தன்னையே பழுதுபார்த்துக்கொள்ள வேண்டிய கருவிகளுக்கு உடன் கட்டுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. மற்றவற்றுக்குப் பொதுப் பிரதியே நல்லது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: பிரதியை வைத்துக்கொண்டே, அதை விலக்கும் விசையையும் (அமைப்புத் தெரிவு) மூலநிரலிலேயே தருவது. பிப்பில், உடன் கட்டியவற்றுக்கான 'வெண்டர்' கோப்பில் 'டீபண்டில்ட் = ஃபால்ஸ்' என்று ஒரு வரி இருக்கிறது; பராமரிப்பாளர் அதை 'ட்ரூ' ஆக்கினால் பொது லைப்ரரிகள் தேடப்படும். 2021இல் வந்த பைத்தான் 3.10, தன்னோடு வரும் பிரதிக்குப் பதில் வழங்கல் தரும் பிப் வீல் கோப்புகளையே (நிறுவத் தயாரான பைத்தான் பொதிகள்) எடுத்துக்கொள்ளும் ஒரு கட்டுமானத் தெரிவைச் சேர்த்தது. ஃபெடோராவும் 2015இல், உடன் கட்டக் கூடாது என்ற தன் கண்டிப்பைத் தளர்த்தி, உடன் கட்டியவற்றின் பெயரைப் பொதியில் அறிவித்தால் போதும் என்றது. ஓட்டை ஒன்று வெளிப்படும் நாளில், எந்தப் பொதிகளைத் தொட வேண்டும் என்று தேடிக் கண்டுபிடிக்க அந்த அறிவிப்பு உதவுகிறது.

விசையைத் தருகிறவர் அதைத் தாமே ஒவ்வொரு வெளியீட்டிலும் கட்டிச் சோதிக்க வேண்டும். சோதிக்காத விசை பராமரிப்பாளரின் தலையில்தான் விடியும். வெளியீட்டுக்கு முன்பே அவருக்கு எழுதும்போது லைப்ரரியின் பெயர், பதிப்பு ஆகியவற்றோடு, அதில் நாம் செய்த திருத்தங்களையும், அவற்றை லைப்ரரியின் ஆசிரியருக்கு அனுப்பினோமா என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் திருத்திய பிரதியை எந்த விசையாலும் விலக்க முடியாது.