வாய்க்குள் லைக்கன் பிளானஸ்: களிம்பா, கொப்பளிக்கும் மருந்தா?

லைக்கன் பிளானஸ் என்பது தோலிலும் வாய்க்குள்ளும் வரக்கூடிய ஓர் அழற்சி நோய். தோலில் வருவதற்குக் களிம்பா, கொப்பளிக்கும் மருந்தா என்ற குழப்பமே இல்லை. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் ஊதா நிறத்தில் தடித்து அரிக்கும் இடத்தில் ஸ்டீராய்டு களிம்பைத் தடவுகிறோம், பெரும்பாலும் ஒன்றரை வருடத்துக்குள் அடங்கிவிடுகிறது, கருமை மறையத்தான் இன்னும் நாளாகும். வாய்க்குள் வருவது வருடக்கணக்கில் கூடவே இருக்கும். கன்னத்தின் உள்பக்கம் வெறும் வெள்ளைக் கோடுகள் மட்டும், எரிச்சல் இல்லை என்றால் மருந்தே தேவைப்படாமல் போகலாம். தோல் உரிந்து புண்ணாகி, காரம் பட்டாலே கண்ணில் நீர் வருகிற நிலைக்குத்தான் இந்தக் கேள்வி.

நான் இரண்டையும் பயன்படுத்திவிட்டுக் கொப்பளிக்கும் மருந்துக்கு வந்தவன், அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். இரண்டிலும் இருப்பது ஸ்டீராய்டுதான். எது தினமும் சலிக்காமல் செய்யக்கூடியது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. களிம்பு என்றால் முதலில் அந்த இடத்தை ஒற்றி உலர்த்த வேண்டும், அப்புறம் தடவ வேண்டும், அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அதற்குள் பாதியை எச்சில் கொண்டுபோய்விடும். இதில் இரண்டு கன்னமும் நாக்கின் ஓரமும் சேர்ந்து புண்ணாக இருந்தால், கடைவாய்க்குப் பின்னால் விரலே போகாது. ஒரு வாரம் ஒழுங்காகச் செய்வோம், பிறகு ராத்திரி மட்டும், பிறகு அதுவும் இல்லை.

கொப்பளிப்பதற்குப் பீட்டாமெத்தசோன் 0.5 மி.கி. கரையும் மாத்திரையை 10 முதல் 20 மி.லி. தண்ணீரில் போட்டு, வாய் முழுக்கச் சுழற்றி, சில நிமிடம் வைத்திருந்து துப்ப வேண்டும், அவ்வளவுதான். விழுங்கக் கூடாது. எத்தனை வேளை என்பதை மருத்துவர் சொல்வார். அதன் பிறகும் அரை மணி நேரம் வாயில் எதுவும் போடக் கூடாது என்பது உண்மைதான், ஆனால் மருந்து எட்டாத மூலை என்று ஒன்று இல்லை.

ஒரே இடத்தில் சின்னப் புண் என்றால் களிம்பே மேல், அதை ஒத்துக்கொள்கிறேன். ஈறு மட்டும் சிவந்து உரிபவர்களுக்குப் பல்வரிசைக்கு அளவெடுத்துச் செய்த தட்டில் ஜெல்லை வைத்து மாட்டிக்கொள்ளும் முறையும் இருக்கிறது, எனக்கு அது தேவைப்படவில்லை. டாக்ரோலிமஸ் களிம்பையும் நான் போட்டதில்லை, ஸ்டீராய்டுக்கு மசியாதவர்களுக்கு அதைக் கொடுப்பார்கள்.

எதை எடுத்தாலும் வாயில் பூஞ்சைத் தொற்று வரலாம், புதிதாக வெள்ளைப் படலம் தெரிந்தால் காட்டிவிடுங்கள். நூறில் ஒருவருக்கு என்ற அளவில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பும் இருப்பதால், எரிச்சல் அடங்கிய பிறகும் வருடத்துக்கு ஒரு முறையாவது வாயைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.