விற்ற மட்டக்குதிரையையே மீட்பதா, வேறொன்று வாங்குவதா?

கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சிப் பக்கம் மட்டக்குதிரையை விற்றுவிட்டுக் காலிக் கொட்டிலைப் பார்த்து வருந்துகிறவர்களுக்கு இரண்டே வழிதான்.

பழையதையே மீட்டால் குணம் தெரியும். எந்தச் சத்தத்துக்கு மிரளும் என்று புதிதாகப் படிக்க வேண்டாம். ஆனால் உடம்பு பழைய உடம்பாக இருக்காது. முதலில் குளம்பைப் பாருங்கள். அதிலுள்ள வளையங்கள் முன்பக்கம் நெருங்கி, குதிகால் பக்கம் அகன்றிருந்தால், தானியத்தை அளவில்லாமல் கொட்டிக் குளம்பு அழற்சி வந்துபோயிருக்கலாம். கெட்டித் தரையில் சிறு வட்டமாகத் திருப்புங்கள், நொண்டல் வெளிப்பட்டுவிடும். லாடத்தை 6 முதல் 8 வாரத்துக்குள் மாற்றாமல் விட்டிருந்தாலும் நடை கெடும். குளம்பு சுத்தமென்றால் பழையதுதான் மேல். ஆசையை மட்டும் முகத்தில் காட்டாதீர்கள், விலை ஏறிவிடும்.

புதிதுக்கு அந்தியூர் ஆடிச் சந்தை. அங்கே சுழி பேசுவார்கள், அதாவது உடம்பிலுள்ள மயிர்ச்சுழியை வைத்து ராசி சொல்வார்கள். நீங்கள் வயதறியப் பல்லைப் பாருங்கள். 5 வயதுக்குள் முன்பற்கள் எல்லாம் நிலைப்பல்லாகிவிடும். பழக மாதக்கணக்காகும்.

எதை ஓட்டிவந்தாலும் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கு ரத்தப் பரிசோதனை, 2 வாரமாவது தனிக்கொட்டில். 200 கிலோ மட்டத்துக்கு நாளுக்கு 3 முதல் 4 கிலோ உலர்தீவனம். ஊறவைத்த கொள்ளை 10 நாளில் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுங்கள். முதல் நாளே கொட்டினால் வயிற்றுவலியில் புரளும்.