நலத்திட்ட உதவி வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் டிஸ்சார்ஜ் புக்கைக் கொடுக்காதீர்கள்

பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் வீட்டில் இருப்பவர்களும், அவர் காலமாகி மனைவி மட்டும் இருக்கிற வீட்டில் இருப்பவர்களும் இதைப் பொறுமையாகப் படியுங்கள். முடிந்தால் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். அரசு உதவிகளை வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு ஏஜென்ட் எங்கள் அத்தையிடம் 24,000 ரூபாய் வாங்கினார். அதைவிடப் பெரிய நஷ்டம், அவர் இழுத்தடித்ததில் அத்தைக்கு வரவேண்டிய 50,000 ரூபாய் கெடு தாண்டிப் போனதுதான். கூடவே மாமாவின் அசல் டிஸ்சார்ஜ் புக்கை, அதாவது பட்டாளத்தில் இருந்து வெளிவரும்போது ராணுவம் கொடுத்த சேவைப் பதிவுப் புத்தகத்தை, மாதக்கணக்கில் அவரே வைத்துக்கொண்டார்.

மாமா மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வட மாவட்டத்தில் இது அதிசயம் இல்லை, தெருவுக்கு நாலு மிலிட்டரி வீடு இருக்கும். 2023-ல் அவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் ஒருவழியாக அத்தை பெயருக்கு மாறியது. ஆனால் விதவை அடையாள அட்டை வாங்கவில்லை. 2025 தை மாதம் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. ஹவில்தாரும் அதற்குக் கீழ் ரேங்கில் இருந்தவர்களும் இறந்துவிட்டால், அவர்கள் மனைவிக்கு மகள் கல்யாணத்துக்கு உதவித்தொகை உண்டு என்று உறவுக்காரர் ஒருவர் சொல்ல, அத்தை விசாரிக்கத் தொடங்கினார். அப்போது வந்து சேர்ந்தவர்தான் இந்த ஆள்.

கலெக்டர் ஆபீஸ் போகிற சாலையில், ஜெராக்ஸ் கடைகளுக்கு நடுவில் அவர் கடை. மூவர்ணத்தில் பெரிய போர்டு. அதில் 'முன்னாள் படைவீரர்', 'நலம்', 'சைனிக்' என்று எல்லா வார்த்தையும் இருக்கும். அவசரத்தில் பார்த்தால் அரசு அலுவலகம் என்றே நினைப்போம், அதற்காகத்தான் அப்படி எழுதியிருக்கிறார். மேசையில் கொடிநாள் கொடி, சுவரில் பீரங்கிப் படம். அத்தையைப் பார்த்ததும், "அம்மா, நானும் பட்டாளத்து ஆள்தான், சுபேதாரா ரிட்டயர் ஆனேன். உங்க வீட்டுக்காரர் எனக்குத் தம்பி மாதிரி. நீங்க எதுக்கும் அலைய வேணாம்" என்றாராம். பின்னாளில் அத்தை மகன் எந்த ரெஜிமெண்ட் என்று கேட்டபோது ஒருமுறை ஆர்ட்டிலரி (பீரங்கிப் படை) என்றார், இன்னொருமுறை ஏ.எஸ்.சி. (ராணுவ சப்ளைப் பிரிவு) என்றார். பட்டாளத்துக்காரர் எதை மறந்தாலும் தன் ரெஜிமெண்டை மறக்க மாட்டார்.

அவர் போட்ட கணக்கு இது: விதவை அடையாள அட்டைக்கு 3,000, கல்யாண உதவி 'ஃபைல்' நகர 6,000. அத்தை மகன் பால் பண்ணை வைக்க ஆசைப்படுகிறான் என்று தெரிந்ததும், அரசுக் கடனுக்கு 'ப்ராஜெக்ட் ரிப்போர்ட்' போட 15,000. எதற்கும் ரசீது இல்லை. கொஞ்சம் கையில் வாங்கினார், மீதியை ஜிபேயில் தன் மனைவி எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். அந்த ஜிபே பதிவுகள்தான் இன்று எங்கள் கையில் இருக்கிற ஒரே ஆதாரம்.

இந்த ஆட்கள் எங்கே நுழைகிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். பெயர் பொருந்தாத இடத்தில்தான். ராணுவப் பதிவுகளில் பெயரெல்லாம் ஆங்கிலத்தில், அந்தக் காலத்து கிளார்க் காதில் விழுந்தபடி இருக்கும். எங்கள் அத்தை பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, பேங்க் பாஸ்புக்கில் மூன்றாவது மாதிரி. மகள் பெயரில் ஓர் எழுத்து கூடுதல், பிறந்த தேதியிலும் வித்தியாசம். சில வீடுகளில் கடைசிக் குழந்தையின் பெயர் ராணுவப் பதிவிலேயே ஏறியிருக்காது. அப்பா லீவில் வந்து போன அவசரத்தில் யூனிட்டுக்கு எழுதிக் கொடுக்காமல் விட்டிருப்பார். முப்பது வருஷம் கழித்து உதவி கேட்டுப் போகும்போது இது பூதமாக எழும்பும்.

ஏஜென்ட் அந்த எழுத்துப் பிழையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்து, "ஐயோ அம்மா, இது டெல்லி வரைக்கும் போகணும், ஆள் வச்சுத்தான் முடிக்கணும்" என்று பயமுறுத்தினார். நிஜத்தில் டெல்லிக்கு ஆள் போக வேண்டியதில்லை. இந்தத் திருத்தம் அந்தந்த ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் நடக்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில். அஃபிடவிட், ஆதார், பள்ளிச் சான்று மாதிரி ஆவணங்களோடு மனு போட வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் எந்தப் படிவம், என்னென்ன இணைப்பு என்று சொல்லி, அங்கிருந்தே கடிதமும் அனுப்புகிறார்கள். நாள் பிடிக்கும், ஆனால் வேலை அவ்வளவுதான்.

அதற்குள் அத்தை மிரண்டுபோய், 'அசல் பார்த்துத்தான் திருத்துவாங்க' என்று அவர் சொன்னதை நம்பி டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணை, மாமாவின் இறப்புச் சான்று எல்லாவற்றையும் அசலாகவே கொடுத்துவிட்டார். போதாததற்கு ஸ்பர்ஷ் என்கிற ராணுவ ஓய்வூதிய இணையதளத்தின் கடவுச்சொல்லும் ஒரு நோட்டுத் துண்டில் எழுதி அவர் கைக்குப் போயிருக்கிறது. ஓய்வூதியக் கணக்கின் திறவுகோலே அதுதான். அதை உடனே மாற்றிவிட்டோம், பேங்க் விவரங்களில் அவர் கை வைக்கவில்லை என்பது ஆறுதல்.

கல்யாண உதவி விஷயத்துக்கு வருகிறேன். ஹவில்தார் ரேங்க் வரையில் உள்ளவர்களுக்கும், அவர்களது விதவைகளுக்கும் கேந்திரிய சைனிக் போர்டு, அதாவது முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அரசு அமைப்பு, தரும் தொகை அது. இரண்டு மகள்கள் வரை உண்டு. விண்ணப்பம் அந்த போர்டின் இணையதளத்திலேயே போடலாம், கட்டணம் கிடையாது. மாவட்ட அலுவலகம் ஆவணங்களைச் சரிபார்த்து மேலே அனுப்புகிறது, பணம் நேராக விண்ணப்பதாரரின் பேங்க் கணக்கில் விழுகிறது. இந்தப் பாதையில் ஏஜென்ட் என்று ஒருவர் நிற்க இடமே இல்லை. ஆனால் ஒரு கண்டிப்பு இருக்கிறது: கல்யாணம் நடந்து 180 நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். தையில் கல்யாணம் என்றால் ஆடி தாண்டக் கூடாது. "ஃபைல் மேலே போயிருக்கு அம்மா" என்று அவர் மாதாமாதம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆடியும் போனது, ஆவணியும் போனது.

அந்த ஆவணியில்தான் கடன் ஆசை காட்டினார். முதல்வர் 2024 சுதந்திர தின உரையில் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் உண்மையானதுதான். முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம். நல்ல திட்டம் என்பதால்தான் அதன் பெயரில் ஏமாற்றவும் வசதியாக இருக்கிறது. "30 லட்சம் கடன் போட்டா 9 லட்சம் சும்மா வரும்" என்று அவர் சொன்ன விதத்தில், வீட்டுக்கே ரொக்கமாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள் போல அத்தைக்குத் தோன்றிவிட்டது. கடன் கொடுப்பது பேங்க். திட்ட அறிக்கையைப் பார்த்து, தொழில் ஓடுமா என்று கணக்குப் போட்டு, அவர்கள் சம்மதித்தால்தான் எதுவும் நகரும். மானியமும் அந்தக் கடனை ஒட்டித்தான் வரும், தனியாக யாரும் எடுத்துத் தர முடியாது.

கொஞ்ச நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு 'சாங்ஷன் லெட்டர்' வந்தது. அதை எனக்கு அனுப்பினார்கள். மாநில அரசின் திட்டம், ஆனால் கடிதத்தில் நம் கோபுரச் சின்னம் இல்லை, வெறும் நான்கு சிங்கச் சின்னம் மட்டும் ஒட்டியிருந்தது. கடன் கொடுக்கும் பேங்கின் பெயரே கடிதத்தில் எங்கும் இல்லை. காலண்டரைப் பார்த்தால், கடிதத்தின் தேதி ஞாயிற்றுக்கிழமை. கையெழுத்துக்குக் கீழே 'இயக்குனர்' என்று மட்டும், எந்தத் துறை என்றுகூட இல்லை. பொய்க் கடிதத்திலாவது கொஞ்சம் சிரத்தை எடுத்திருக்கலாம்.

அப்போதே எனக்குச் சந்தேகம், ஆனால் அத்தை வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. குட்டு உடைந்தது அக்டோபரில். கேந்திரிய சைனிக் போர்டு உதவிகளை மத்திய அரசு இரட்டிப்பாக்கியது. கல்யாண உதவி 50,000 என்பது 1 லட்சமாக, கல்வி உதவி ஒரு குழந்தைக்கு மாதம் 1,000 என்பது 2,000 ஆக, ஓய்வூதியம் இல்லாத 65 வயது தாண்டியவர்களுக்கான மாத உதவி 4,000 என்பது 8,000 ஆக. இதெல்லாம் 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு. செய்தி வந்த மறுநாளே அவர் போன் செய்து, "உங்க ஃபைலையும் புது ரேட்டுக்கு மாத்திடலாம், 10,000 மட்டும் ஆகும்" என்றார். எப்போதோ மேலே போன ஃபைல் புது ரேட்டுக்கு எப்படி மாறும்? அத்தை மகன் அன்றைக்கே நேராக மாவட்ட அலுவலகத்துக்குப் போய்க் கேட்டான்.

அங்கே இருந்த நல அமைப்பாளரும் பட்டாளத்தில் இருந்து வந்தவர். மாமாவின் ராணுவ எண்ணைக் கேட்டுத் தேடிப் பார்த்துவிட்டு, அத்தை பெயரில் எந்த விண்ணப்பமும் வரவே இல்லை என்றார். அடையாள அட்டைக்கும் இல்லை, கல்யாண உதவிக்கும் இல்லை, கடனுக்கும் இல்லை. "இந்த மாதிரி இன்னும் சிலர் வந்து அழுதுட்டுப் போறாங்க தம்பி" என்று சொல்லியிருக்கிறார்.

டிஸ்சார்ஜ் புக்கைத் திருப்பிக் கேட்டதற்கு அந்த ஆள் 5,000 கேட்டார். அதைக் கொடுக்க வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். போலீஸ் ஸ்டேஷனில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். ஜிபே பதிவுகள், வாட்ஸ்அப் கடிதம் எல்லாம் பிரிண்ட் எடுத்து இணைத்தோம். போலீஸ் போன் போனதும் புத்தகமும் பி.பி.ஓ.வும் ஒரு பையன் மூலம் எங்களிடம் வந்து சேர்ந்தன. பணம் வரவில்லை. இறப்புச் சான்றும் வரவில்லை, ஆனால் அது மறுபடி எடுத்துக்கொள்ளக்கூடியதுதான். டிஸ்சார்ஜ் புக் தொலைந்திருந்தால் புகார், காணவில்லை சான்று, ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு மனு என்று நீண்டிருக்கும். அந்த ஒரு புத்தகம் இல்லாமல் எந்த அலுவலகத்திலும் 'நீங்கள் யார்' என்பதே நிற்காது.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதியதும் மற்றவர்கள் சொன்ன கதைகளையும் சேர்த்துச் சொல்கிறேன். பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடங்கள் ஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்று மாவட்ட அலுவலகத்தில் கிடைப்பது, அதை 'சீட்டே வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் விற்றிருக்கிறார். சான்று இருந்தால் அந்தப் பிரிவில் போட்டியிடலாம், அவ்வளவுதான். சீட்டு மார்க்கைப் பொறுத்தது. இன்னொருவரிடம், முன்னாள் படைவீரர்களுக்காக மாநில அரசு நடத்தும் டெக்ஸ்கோவில் செக்யூரிட்டி வேலைக்கு 'டெபாசிட்' கேட்டிருக்கிறார்கள், டெக்ஸ்கோவுக்கே தெரியாமல். வருடாவருடம் ஆயுள் சான்று கொடுக்கிற நேரம் பார்த்து, 'ஜீவன் பிரமாண் அப்டேட்' என்று போனில் ஓ.டி.பி. கேட்பவர்கள் தனிக் கூட்டம். ஓ.டி.பி. சொல்லிப் பணம் போயிருந்தால் 1930 எண்ணுக்கு உடனே அடியுங்கள், தாமதித்தால் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

உங்கள் வீட்டில் யாராவது ஏற்கெனவே இப்படி ஒரு ஆளிடம் ஃபைல் கொடுத்திருந்தால், அவரிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் ராணுவ எண்ணோடு மாவட்ட அலுவலகத்துக்குப் போய், விண்ணப்பம் வந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஊர் தூரம் என்றால், முன்னாள் படைவீரர்களுக்கென்று கலெக்டர் ஆபீஸில் அவ்வப்போது நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகலாம், தேதி செய்தித்தாளில் வரும். முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணிலும் மனுவைப் பதியலாம். கல்யாணம், படிப்பு இரண்டுக்கும் கெடு உண்டு என்பதால் எது முடிந்தாலும் அந்த மாதமே விசாரித்துவிடுங்கள். பெயர்த் திருத்தம் இருந்தால் கல்யாணத்துக்கு முன்பே தொடங்குங்கள், அது முடியக் காத்திருந்தால் 180 நாள் போதாது.

அத்தைக்கு இப்போது விதவை அடையாள அட்டை வந்துவிட்டது, ஏஜென்ட் இல்லாமல். பெயர்த் திருத்த மனு வெலிங்டனில் இருக்கிறது. கொடிநாள் நிதி, மாநிலத் தொகுப்பு நிதி ஆகியவற்றில் அத்தைக்கு இன்னும் எது பொருந்தும் என்று அந்த நல அமைப்பாளரே பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கடையில் மூவர்ணப் போர்டை இறக்கிவிட்டு இப்போது 'பென்ஷன் ஆலோசனை' என்று மாட்டியிருக்கிறார்கள், போன் எண் மட்டும் அதேதான். போலீஸ் புகாரில் எங்களோடு சேர விரும்புகிறவர்கள் ஜிபே பதிவு வைத்திருந்தால் எழுதுங்கள், சி.எஸ்.ஆர். எண்ணைத் தருகிறேன்.