கேரவனுக்குள் 5 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர்: டெல்டாவில் மூன்று மழைக்காலம்

காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர், 3000 ஆர்.பி.எம்., சைலன்ட் மூடி, கேரவனின் பக்கவாட்டுப் பெட்டியில் 15 லிட்டர் தனி டேங்குடன். ஹவர் மீட்டர் 900 மணியைத் தாண்டிவிட்டது. கும்பகோணம், மன்னார்குடி, வேளாங்கண்ணி, கோடியக்கரை என்று சுற்றுகிற வண்டி. இதுவரை மாற்றிய பாகங்களை எடுத்துப் பார்த்தால், ஓடித் தேய்ந்து போனது ஒரு ஜோடி கார்பன் பிரஷ் மட்டும்தான். மற்றதெல்லாம் லோடு போதாமல் ஓடியதாலோ, சும்மா நின்றதாலோ வந்த வினை.

முதலில் லோடு. தகட்டில் 5 கே.வி.ஏ. என்று அடித்திருந்தாலும் 0.8 பவர் ஃபேக்டர் (அதில் வேலைக்கு ஆகும் பங்கு) கணக்கில் கையில் கிடைப்பது 4 கிலோவாட்தான். ஒன்றரை டன் ஏசி 1.5 கிலோவாட், இண்டக்ஷன் அடுப்பு 1.8 முதல் 2, கீசர் 2 அல்லது 3. அடுப்பும் கீசரும் ஒன்றாக ஓடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது மறுபக்கம்: இரவில் இன்வெர்ட்டர் ஏசி அறையைக் குளிர்வித்து அடங்கிய பிறகு இழுப்பது 500, 600 வாட்தான். 4 கிலோவாட் மெஷினுக்கு அது 15 சதவீத லோடு. 30 சதவீதத்துக்குக் கீழே மணிக்கணக்கில் ஓடினால் சிலிண்டர் போதிய சூடு ஏறாது. பிஸ்டன் ரிங் சுவரோடு ஒட்டி உட்காராது. டீசல் முழுதாக எரியாமல் கரியும் எண்ணெயுமாகக் கலந்து சைலன்சர் முனையில் கறுப்பாக ஒழுகும். பலர் இதைப் பார்த்துவிட்டு ஹெட் கேஸ்கட் போய்விட்டதென்று எஞ்சினைப் பிரிக்கிறார்கள். பிரிப்பதற்கு முன் டிப் ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் கறுத்திருப்பது டீசல் எஞ்சினில் சகஜம். ஆனால் மட்டம் ஏறியிருந்து டீசல் வாடையும் அடித்தால் எரியாத டீசல் ரிங் வழியாக கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போகும்.

ஆரம்ப நிலையில் மருந்து எளிது. ஆயிலை மாற்றிவிட்டு, 2 கிலோவாட் கீசரையும் ஏசியையும் சேர்த்துப் போட்டு 3, 3.5 கிலோவாட் லோடில் ஒன்றரை மணி நேரம் ஓட்டுங்கள். முதல் அரை மணி புகை அதிகமாக வரும், பிறகு தெளியும். தெளியாவிட்டால் டீசலைத் தூவும் நாசிலைக் கழற்றி ஸ்பிரே பார்க்க வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால் சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழவழத்துப் போயிருக்கும். ஹோனிங் (சுவரை மீண்டும் லேசாகச் சொரசொரப்பாக்குவது), புது ரிங் தவிர வழியில்லை.

இதற்கு நிரந்தரத் தீர்வு ஜெனரேட்டரில் இல்லை, பேட்டரியில் இருக்கிறது. 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் 5 யூனிட் சொச்சம் இருக்கும். 27 டிகிரியில் வைத்தால் ஏசி ஒரு ராத்திரியை ஓட்டிவிடும். மாலையில் 2 கிலோவாட் சார்ஜரைப் போட்டு இரண்டரை மணி நேரம் ஓட்டினால் பேட்டரி நிரம்பும். கூடவே ஏசியும் ஓடுவதால் எஞ்சினுக்கு நல்ல லோடு. இரவு முழுக்க ஓட்டினால் 5 லிட்டர் வரை போகும் டீசல், இப்படி 3 லிட்டர் அளவில் முடியும். பக்கத்து வண்டிக்காரர் தூக்கமும் கெடாது.

அடுத்தது தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி காலியான டேங்கின் உட்சுவரில் ஈரம் வியர்த்து அடியில் சேரும். வண்டியை இரண்டு வாரம் நிறுத்துவதென்றால் டேங்கை நிரப்பிவிட்டு நிறுத்துவதே நல்லது. மாதம் ஒருமுறை டேங்கின் அடித் திருகைத் தளர்த்தி 100 மில்லி டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் கோடு பிரிந்து நிற்கும். கோட்டின் மேல் கறுப்பாக வழவழவென்று ஏடு மிதந்தால் அது கிருமி வளர்ச்சி. டேங்கைக் கழற்றிக் கழுவி ஃபில்டரையும் மாற்ற வேண்டும். கிராமத்துக் கடையில் கேனில் வைத்து விற்கும் டீசலை, வேறு வழியே இல்லையென்றாலொழிய, தொடாதீர்கள். ஊற்றித்தான் ஆகவேண்டுமென்றால் பாட்டில் சோதனை செய்துவிட்டு ஊற்றுங்கள். மண்ணெண்ணெய் கலப்பது அறவே வேண்டாம். டீசலை நாசிலுக்குத் தள்ளும் பம்புக்கு டீசல்தான் மசகு.

ஃபில்டர் மாற்றினாலும் டேங்க் வறண்டாலும் டீசல் குழாய்க்குள் ஏர் பிடிக்கும். டேங்க் மேலே இருக்கும் மாடலில் ஏர் எடுப்பது இரண்டு கட்டம். பம்புக்குள் போகும் ஹோஸ் முனையைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் ஒரே சீராக வழியும்வரை விட்டு இறுக்குங்கள். பிறகு நாசில் மேலுள்ள இரும்புக் குழாயின் நட்டை (பெரும்பாலும் 17-ஆம் நம்பர் ஸ்பேனர்) ஒரு சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுதாக வைத்து, செல்ஃப் அடியுங்கள். டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்கினால் போதும், ஸ்டார்ட் ஆகிவிடும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். அந்த நட்டின் அருகே விரலை வைத்துப் பார்க்கவே கூடாது. அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், பிறகு ஆஸ்பத்திரிதான்.

ஆயில் 15டபிள்யூ-40, சிஐ-4 தரம். இந்த அளவு எஞ்சினுக்கு 1.65 லிட்டர் பிடிக்கும். புது எஞ்சினில் முதல் 50 மணிக்குள், பிறகு 100 மணிக்கு ஒருமுறை. மணி கணக்கு வராவிட்டாலும் புரட்டாசியில், மழைக்கு முன் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. பழைய ஆயிலில் சேரும் அமிலம், நின்ற எஞ்சினைத்தான் அரிக்கும். டேப்பட் இடைவெளியை (வால்வுக்கு விடும் இடைவெளி) குளிர்ந்த எஞ்சினில் 0.15 மி.மீ. ஃபீலர் கேஜ் வைத்து, 300 மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். உங்கள் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். இன்னொன்று: வாய்க்கால் கரையில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினால் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி, சென்சார் எஞ்சினை நிறுத்திவிடும். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகை வைத்துப் பாருங்கள்.

தை, மாசி சம்பா அறுவடையில் வேறு தொல்லை. கதிரறுக்கும் மெஷின் ஓடும் வயல் பக்கமும், ரோட்டில் நெல் காயும் இடங்களிலும் நிறுத்தினால் சுனையும் பதரும் ஏர் ஃபில்டரை ஒரே நாளில் அடைக்கும். அதைவிட மோசம், சிலிண்டரைச் சுற்றியுள்ள இரும்பு மடிப்புகளுக்குள் பதர் போய்ச் சேர்வது. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு அந்த மடிப்புதான் ரேடியேட்டர். மேல் தகட்டைக் கழற்றி வாரம் ஒருமுறை உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளுங்கள். தண்ணீர் பீய்ச்சினால் பதர் ஊறி அப்பிக்கொள்ளும். பேப்பர் ஃபில்டரை உள்பக்கமிருந்து வெளியே மெல்லிய காற்றால் ஊதலாம். வெளியிலிருந்து ஊதினால் தூசி காகிதத்துக்குள் இறங்கிவிடும்.

அறுவடை முடிந்ததும் வயல் எலி வண்டிக்கு வரும். சைலன்ட் மூடிக்குள் ஒட்டியுள்ள பஞ்சு அதற்கு மெத்தை. வயரைக் கடிப்பது ஒரு பக்கம். சைலன்சர் ஓரம் பஞ்சும் வைக்கோலும் சேர்ந்து கூடாவது தீ அபாயம். காற்று போகும் எல்லாத் துவாரத்திலும் கால் அங்குல எஃகு வலை அடிப்பதுதான் உருப்படியான வழி. நாப்தலின் உருண்டையை எலி மதிப்பதில்லை.

வேளாங்கண்ணி, கோடியக்கரை பக்கம் ஒரு வாரம் நின்றாலே மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் காயிலில் உப்பு ஈரம் ஏறும். நீண்ட நாள் நின்ற மெஷினை ஓட்டும் முன் வோல்ட்டேஜைச் சீராக்கும் ஏவிஆரைக் கழற்றிவிட்டு (இல்லையென்றால் அதுவே எரியும்) 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) காயிலுக்கும் பாடிக்கும் இடையே பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஓட்டாதீர்கள். பெட்டிக்குள் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை, பஞ்சில் படாமல், இரவு முழுக்க எரியவிட்டால் ஈரம் காய்ந்து அந்த அளவு பெரும்பாலும் ஏறிவிடும். டெர்மினல்களுக்கு வாஸ்லின். ஓடியும் வோல்ட்டேஜ் வராவிட்டால் முதலில் பிரஷ், ஸ்லிப் ரிங் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஏவிஆரை அதற்குப் பிறகு சந்தேகப்படலாம். லோடு இல்லாமல் 52 ஹெர்ட்ஸ், முழு லோடில் 50 ஹெர்ட்ஸை ஒட்டி இருந்தால் எஞ்சின் வேகத்தைச் சீராக்கும் கவர்னர் சரி.

ஷாக் விஷயத்தில் பெரும்பாலான கேரவன்களில் ஒரே தவறு. ஆர்சிசிபி (கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டிருப்பார்கள், ஆனால் ஜெனரேட்டரின் நியூட்ரலை வண்டிச் சட்டத்தோடு இணைத்திருக்கமாட்டார்கள். கசியும் மின்சாரம் திரும்ப வழியில்லாததால் அந்த 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வெறும் அலங்காரம். இணைப்பு ஜெனரேட்டர் பக்கம் மட்டும் இருக்கவேண்டும்; ஜெனரேட்டருக்கும் வெளிக் கரண்டுக்கும் மாற்றும் சேஞ்ச் ஓவரில் நியூட்ரலும் சேர்ந்து மாறும் இரட்டைத் துருவ சுவிட்ச் வேண்டும். லாட்ஜ் கரண்டில் போடும்போது இந்த இணைப்பு விட்டுப்போக வேண்டும்.

புகை போகும் திசையைப் பருவத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வரும், சைலன்சர் கிழக்கு பார்க்கட்டும். மார்கழி வாடைக்குத் தெற்கு பார்க்கட்டும். கடற்கரையில் பிற்பகலில் காற்று திரும்பிவிடும் என்பதால் காலையில் சரியாக நின்ற வண்டி மாலையில் சரியாக நிற்காது. எப்படி நிறுத்தினாலும் படுக்கை உயரத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இல்லாமல் தூங்காதீர்கள்.

நிறுத்தும்போது லோடை எடுத்துவிட்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். ஸ்டார்ட் பேட்டரி நின்ற நிலையில் 12.6 வோல்ட் காட்டவேண்டும்; செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் மழைக்காலம் வரை காத்திராமல் மாற்றிவிடுங்கள்.

உதிரிபாகம் விஷயத்தில் டெல்டாவில் ஒரு வசதி. இதே வகை எஞ்சின் களையெடுக்கும் பவர் வீடர்கள் பலவற்றிலும் வருவதால் நாசில், ரிங், ஃபில்டர் எல்லாம் விவசாயக் கருவிக் கடையில் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். எஞ்சின் மாடல் எண்ணைத் தகட்டிலிருந்து எழுதிக்கொண்டு போங்கள். ஏவிஆரும் பிரஷ்ஷும் அங்கே இருக்காது. அவற்றில் ஒவ்வொரு செட், நாசிலுக்கான செம்பு வாஷர் இரண்டு, டீசல் ஹோஸ் ஒரு மீட்டர், கிளிப் நான்கு ஆகியவற்றை வண்டியிலேயே வைத்திருங்கள்.